மேல் சுவிச்

இரவு பத்து மணி. கண்டக்குழியை விட்டு வெளியேறும் மணல் ரோடு... ஒரு வீடுகூட இல்லை. எலக்ட்ரீசியன் ஸப்வான் மோட்டார் சைக்கிளில் தனியே வருகிறான். முதுகில் சாமான் பை. பைக்குள்ளே...

டக்.

இங்கே நமக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை, ஆகவே முழுதையும் சொல்கிறேன். எனக்குச் சொன்னவர் ஸப்வானின் மச்சான் நஸீர். கதை கட்டவும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். நஸீரிடம் அது கிடையாது. அதனால் நம்பினேன்.

ஸப்வான் வந்தது கிளைட்டன் வீட்டிலிருந்து. கிளைட்டன் பதினொரு வருடம் இத்தாலியில் இருந்தவர். ஊரில் மாடி வீடு கட்டி, சுவிச்சுகளுக்குப் பின்னால் ஸ்மார்ட் ரிலே பூட்டினார். தீப்பெட்டி அளவுச் சாமான். எந்த நாட்டிலிருந்தும் போனிலேயே லைட்டைப் போடலாம், நூர்க்கலாம். போன வருடம் மிலானில் ஒரு மாலை விருந்து. இங்கே இரவு பத்து. "பாருங்க, கண்டக்குழியில எங்கட படி லைட்டை நூர்க்கிறன்" என்று காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நிமிடம் அவருடைய அப்பா இன்னாசிப்பிள்ளை பாதிப் படியில்... மிச்சப் பாதியை அவர் நடந்து இறங்கவில்லை.

இப்போது கிளைட்டன் ஊரோடு வந்துவிட்டார். மனைவி நிஷாந்தினிக்கு ஏழு மாதம். படுக்கை மேலே, கழிவறை கீழே. மாளிகை கட்டியவருக்கு மேலே ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிச், மேலே ஒரு சுவிச். எதை அமத்தினாலும் வேலை செய்யும். கிளைட்டன் போனில் வைத்தபடி, தினமும் இரவு பத்துக்கு ரிலே லைட்டை நூர்க்கும். அடுத்த நொடி... டக். மறுபடி எரியும். அமத்தியது மேல் சுவிச் என்று போன் சொல்லும். மேலே ஒருவரும் இல்லை.

"உப்புக்காத்து அண்ணே. வயருக்குள்ள ஈரம்," என்றான் ஸப்வான். வயரை மாற்றினான். அன்று பத்துக்கும் டக். மறுநாள் மேல் வயரை ரிலேயிலிருந்தே கழற்றினான். அன்றும் டக்.

"விடுங்க தம்பி, எரியட்டும்," என்றாள் நிஷாந்தினி. "மாமா விழுந்து உயிர் விட்ட படி. இருட்டில எனக்குப் பயம்."

"என்ட லைட் என்ட சொல்லத்தான் கேக்கோணும்," என்றார் கிளைட்டன்.

மூன்றாம் இரவு, பத்துக்கு முன்பே, ஸப்வான் மேல் சுவிச்சையே பிடுங்கி, ஓட்டையை வெறும் தகட்டால் மூடினான். ஓட்டைக்குள்ளிருந்து கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த மணம்... கடல்தொழில் செய்த இன்னாசிப்பிள்ளையின் கை அப்படித்தான் மணக்குமாம். சுவிச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

மணல் ரோட்டில் வண்டியை நிறுத்தினான். பையைத் திறந்தான். அதே மணம். வயர் ஒன்றும் இல்லாத சுவிச் தானாக அமிழ்ந்தது... எழும்பியது. டக். டக். பிறகு அவசரமாக, டக்டக்டக்டக்...

சட்டென்று நின்றது.

போன் அடித்தது. கிளைட்டன். குரலில் இத்தாலி இல்லை.

"தம்பி... பத்துக்கு லைட் நூந்துட்டுது. போனிலயும் வருதில்ல, கீழ் சுவிச்சிலயும் வருதில்ல. இவ பாதிப் படியில நிக்கிறா. விழேல்ல. ஆனா ஏறுறாவும் இல்ல, இறங்குறாவும் இல்ல."

"ஏன் அண்ணே?"

போனில் அவருக்குப் பின்னால், சற்றுத் தூரத்தில், நிஷாந்தினியின் குரல். மிக மரியாதையாக.

"கைய விடுங்க மாமா... நான் கவனமா இறங்குறன்."