நாலாவது கையெழுத்து

எதிர் போர்ஷன் ஜஹனாராதான் எங்கிட்ட மொதல்ல சொன்னா, ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள். ஸ்கூல் டீச்சரோன்னோ, இங்கிலீஷ்ல எது வந்தாலும் அவதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவா. நம்ம சங்கத்துலேர்ந்து மனுவோட ஜெராக்ஸ் குடுத்தேளே, அதைப் படிச்சுட்டு, மாமி, இது தண்ணி லாரிக்கு இல்ல, இந்தத் தெருவுல இனிமே யாரும் வீடு கட்டக் கூடாது, பாதியில நிக்கறதையும் நிறுத்தணும்னு போட்டிருக்கு, நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னா.

இல்ல ரகுபதி, உள்ள வரல. வாசல்லயே நிக்கறேன். மூணு மாடி ஏறினது மூச்சு வாங்கறது, அவ்ளோதான். தண்ணியும் வேண்டாம்.

உங்களைக் குத்தம் சொல்ல வரல. நோட்டை எடுத்துண்டு வந்தது உங்காத்துக்காரி. தண்ணிக்காக மாமின்னா. தண்ணிக்குன்னா யார் மாட்டேம்பா? மேல ஸ்ரீராமஜெயம்னு வேற எழுதிட்டுப் போட்டேன். நாலாவது கையெழுத்து. ஜஹனாரா சொன்ன அன்னிக்கே உங்ககிட்ட ஓடி வந்து, என் பேரை அடிச்சுடுங்கோன்னேன். மனு போயாச்சு மாமி, சங்கத்து செக்ரட்டரியா நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னேள். ஞாபகம் இருக்கா?

கெணறெல்லாம் வத்திப் போச்சு, வாஸ்தவம். குழாயைத் தொறந்தா காத்துதான் வரது. நானும்தான் கொடத்தைத் தூக்கிண்டு லாரிக்கு நிக்கறேன். ஆனா நம்ம தெரு தனபாலனைப் பாருங்கோ. மூணு பிள்ளை, மூணு மருமக, நடுவுல பொடவையைக் கட்டித் தடுத்துண்டு ஒரே கூடத்துல படுத்துக்கறா. மாடியில ரெண்டு ரூம் போடலாம்னு எறக்கின செங்கல் பாசி புடிச்சுக் கெடக்கு. ரூம் இல்லேன்னா அவா தண்ணி குடிக்காம இருந்துடுவாளா? வீட்டை நிறுத்தினா தாகம் நின்னுடுமா, சொல்லுங்கோ.

இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்கப்படாது. எண்பத்தெட்டுல உங்க பிளாட்டைக் கட்டறச்சே, எங்காத்துக் கெணத்துலேர்ந்துதான் தண்ணி எடுத்தா. எங்காத்துக்காரர்தான் பைப் போட்டுக்கோங்கோன்னார். நீங்க அப்பறந்தானே குடி வந்தேள், தெரிஞ்சிருக்காது.

எங்காத்தை இடிச்சது போன தையில. வேற வழியில்ல. உத்தரம் பூரா கரையான். மழை வந்தா சுவாமி அலமாரிக்குக் கொடை புடிக்கணும். சிரிக்காதீங்கோ, நெஜமாவே புடிச்சிருக்கேன். பதினாலு மாசத்துல கீழ்த்தளத்துல ஒரு வீடு குடுத்துடறேன்னார் பில்டர். கட்டறதைப் பாத்துண்டே இருக்கலாம்னு தெருக்கோடியிலயே வாடகைக்கு வந்தோம். இவருக்கு வலது கால் இழுத்துக்கும், தெரியுமே. ஆனாலும் தெனம் கோலை ஊனிண்டு போய், எத்தனை தூண் எழும்பியிருக்குன்னு எண்ணிட்டு வருவார். வாடகை வீட்டுல கண்ணை மூடப்படாது ஜெயம், அதுக்குள்ள நம்மாத்துக்குப் போயிடணும்பார். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். நம்ம ஊர்ல வாடகைக்கு விடறவா ஆணி அடிக்கறதுக்குக் கூட ஒத்துப்பா, சாவுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டா.

ஐப்பசியில நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்துடுத்து. அதுக்கப்பறமும் போய் எண்ணினார். பதினோரு தூண். மறுநாளும் பதினொண்ணு. ஒரு வாரம் போனார், அப்பறம் செருப்பே போட்டுக்கல. யார் ஜெயம் எழுதிக் குடுத்தான்னு கேட்டார். தெருக்காரான்னேன். நானும் போட்டிருக்கேன்னு சொல்லல. முப்பத்தெட்டு வருஷத்துல அவர்கிட்ட மறைச்சது அது ஒண்ணுதான். கபாலீஸ்வரர்கிட்ட மட்டும் தெனம் சொல்லிண்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசறேளா? பேசுங்கோ. தனபாலன் பாவம், அவருக்காகவாவது பேசுங்கோ. எனக்கு இனிமே அவசரமில்ல.

இவர் கார்த்தால அஞ்சேகாலுக்குப் போயிட்டார். ஆஸ்பத்திரியிலதான். முந்தாநேத்திக்குச் சேத்தோம்.

இல்ல, அழல. இன்னும் வரல எனக்கு. நீங்க உக்காருங்கோ. எம்பிள்ளை வெங்கடரமணன் பம்பாய்லேர்ந்து சாயங்காலம் வந்துடுவான். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கறவர் நல்ல மனுஷர்தான், அடுத்த வாரம் பொண்ணுக்குக் கல்யாணம், பந்தக்கால் நட்டாச்சு. மாமி, தயவுசெஞ்சு இங்க மட்டும் கொண்டு வராதீங்கோன்னு கையைக் கூப்பறார். நான் என்னன்னு சொல்றது? நேரா மயானத்துக்கே எடுத்துண்டு போயிடலாங்கறா எல்லாரும்.

எங்க மனையில தூணுக்கு நடுவுல தரை இருக்கு. கூரை இல்லாட்டா பரவாயில்ல. தகரக் கதவைப் பூட்டிட்டு வாட்ச்மேன் சாவியை உங்ககிட்ட குடுத்துட்டுப் போனானாமே. ஒரு மணி நேரத்துக்கு அதைக் குடுங்கோ, ரகுபதி.