நன்றி தெரிந்த மனிதர்

எனக்கு முதுகுவலி உண்டு. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் விசாரணைத் தாளில் லஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். நகரமன்றத்தின் உரிமக் குழுவுக்குப் பதினாறு வருடம் தலைவராக இருந்தேன். கையெழுத்துக்கு முன்னால் யாரிடமும் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. முன்னால் வாங்கினால் லஞ்சம். வேலை முடிந்தபின் மனசாரக் கொடுத்தால் அன்பளிப்பு. எங்கள் வக்கீல் சொன்னது. விவரம் கெட்டவர்களுக்கு வாசலிலேயே என் மச்சான் சொல்லிவிடுவான்: "ஃபைல் முடியுற வரைக்கும் வாயே திறக்காதீங்க. அப்புறம் மாமாவுக்கு என்ன பிடிக்கும்னு நான் சொல்றேன்."

குழந்தைகள் காப்பகம் நடத்திய அந்த அம்மாவுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. உரிமம் புதுப்பிக்க வந்தவள், நாலு பேர் முன்னால் ஒரு கவரை மேஜையில் வைத்து, "எவ்வளவுண்ணே ஆகும்? சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றாள். நீட்டினால் வாலாட்டுவேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. போலீஸில் பிடித்துக் கொடுத்தேன். பத்திரிகையில் என் படம் வந்தது. அவள் கட்டடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு படிக்கட்டு, அகலமான வாசல்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே, ஃபைலை நிராகரித்தேன்.

அவளிடம் இருந்த பிள்ளைகள் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே ஒரு முதலாளி தன் மெத்தைக் கிடங்குக்கு மேல்மாடியில் புதிதாகக் காப்பகம் திறந்திருந்தார். மரியாதை தெரிந்தவர். கவர், கிவர் என்று பேச்சே எடுக்கவில்லை. நானே நேரில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, என் முதுகுக்கு ஏற்ற மாதிரி ஒரு கட்டில் வீட்டில் வந்து இறங்கியது. "இது யாருங்க குடுத்தது?" என்று மனைவி கேட்டாள். "நன்றி தெரிந்த மனிதர்" என்றேன்.

கிடங்கு தீப்பிடித்த அன்று மாடியில் பதினோரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜாமீனில் வெளியே வந்திருந்த அந்த அம்மா என் வீட்டு வாசலில் விழுந்து, "என் கட்டடத்துல ரெண்டு படிக்கட்டு இருந்துச்சேண்ணே" என்று அழுதாள். அப்போதும் அதே அண்ணே. மச்சான் கேட்டைச் சாத்தினான்.

கிடங்கின் பின்படிக்கட்டைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியும். கையால் தட்டிக்கூடப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்திருந்தால் அவர் எனக்கு எதற்கு நன்றி சொல்லப்போகிறார்?