ஒல்வரா சீமாட்டியின் தரப்பு

இந்த வாரம் அத்தியாயம் வராததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சபையில் அசனம் இருந்தது. ஊருக்கே சோறு போடுகிற விருந்து. வெங்காயம் உரிக்கிற கூட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. இன்று வெள்ளிலைக் குலத்தில் அடுத்து நடந்ததை எழுத உட்கார்ந்தபோது, பினாங்கிலிருந்து படிக்கும் ‘காட்டுக்குயில்’ என்ற வாசகி கருத்துப் பகுதியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லாமல் மேற்கொண்டு எழுத மனம் வரவில்லை.

அவர் சொல்வது இதுதான். கதையின் நடை மாறிவிட்டது. கொடுமைக்காரியான ஒல்வரா சீமாட்டி திடீரென்று தங்கமானவளாகிவிட்டாள். ஆகவே இதை எழுதுவது பழைய எழுத்தாளர் இல்லை, யாரோ கதையைத் திருடிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து விருப்ப ஓய்வு வாங்கியவள். அடுத்தவர் சாக்பீஸைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. திருடி என்று சொல்லிவிட்ட பிறகு சும்மா இருக்க முடியாது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பெயர்களையும் மாற்றவில்லை. பொய் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. எல்ஃபுகளைப் பற்றிய அந்த வெளிநாட்டுத் தொடர் பாதியில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். கூரான காதும் ஆயிரம் வருட ஆயுளும் உள்ள பிரபுக்கள். சாவு லேசில் வராது என்பதால் அவர்கள் வீட்டுச் சண்டைகளுக்கும் முடிவு கிடையாது. தொடர் நின்ற இடத்திலிருந்து ரசிகர்கள் ஆளுக்கொரு கதை எழுதுகிறார்கள். இந்தச் செயலியில் அப்படி எழுதியவள் ஷைஜா, என் தம்பி ஜாஸ்பரின் மனைவி. அவள் கதையில் வெள்ளிலைக் குலத்துத் தலைவன் தாரென் தொலைதூரப் பாலைவன வாசலில் காவல் இருக்கிறான். மாளிகையில் அவன் இளம் மனைவி நிமியலும், கல்யாணமாகாத அக்காள் ஒல்வராவும் இருக்கிறார்கள். ஜாஸ்பர் வளைகுடாவில், சலாலாவில் வேலை பார்க்கிறான். கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் ஷைஜாவும் நானும் அவர்கள் மகள் ஆன்ஸ்லினும் இருந்தோம்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆன்ஸ்லின் மூலமாகத்தான். பிள்ளைக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாமிக்கு நீள காது வச்சு அம்மா கத எழுதுதா” என்றாள். அன்றே தேடிப் பிடித்து முதல் அத்தியாயத்திலிருந்து படித்தேன். சந்திப்பிழைகள் நிறைய இருந்தாலும் கதை சொல்லத் தெரிந்த பெண் என்பதில் சந்தேகமில்லை. அவள் பிறந்தது ஆரல்வாய்மொழி. அங்கே காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள், எல்ஃபுகளின் எல்லையில் காற்றைக் கடையும் வெள்ளைக் கோபுரங்களை நட்டிருந்தாள். அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒல்வராதான் பிடிக்கவில்லை. அவள் இடுப்பில் தேன் அறைச் சாவி தொங்குகிறது. விருந்தில் மீன் துண்டுகளை எண்ணி வைக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் மாளிகையின் மந்திரப் பளிங்கை அணைத்துவிடுகிறாள். அதன் பிறகு நிமியல் கணவனோடு பேச முடியாது. எங்கள் வீட்டில் பளிங்கு இல்லை, வைஃபை இருக்கிறது. அதை அணைப்பது நான்தான். கரண்ட் சும்மாவா வருகிறது? கிறிஸ்துமஸுக்கு ஷைஜா முந்திரிக்கொத்து செய்து பாகு முற்றிக் கல்லாகிவிட்டது. ரப்பர் பால் வெட்ட வரும் குமாரதாஸிடம் கொடுத்தனுப்பினேன். கதையில் நிமியலின் தேன் உருண்டைகளை ஒல்வரா மான்களுக்குப் போடுகிறாள். மான்கள் ருசி தாங்காமல் கண்ணீர் விடுகின்றன. அது சுத்தப் பொய். குமாரதாஸ் ஒரு வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் என் கழுத்தில் போட்ட சங்கிலியும் கதையில் நிலாமாலையாக வந்தது. மருமகளுக்கு வர வேண்டியதை நாத்தனார் அமுக்கிக்கொண்டாளாம். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பதினோராம் அத்தியாயத்தில் நிமியல் தன் தோழியிடம் ஒன்று சொல்கிறாள். ஒல்வரா செத்தால் யாரும் அழமாட்டார்கள், சாவி எங்கே என்றுதான் தேடுவார்கள் என்கிறாள். அது எனக்கு வலித்தது. அந்த வரிக்குக் கீழே நீங்கள் எல்லோரும் இதயம் போட்டிருந்தீர்கள். கிழவியைச் சீக்கிரம் கொன்றுவிடுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். காட்டுக்குயில், அது நீங்கள்தான். எனக்கு ஐம்பத்து நான்கு வயதுதான் ஆகிறது.

நான் கோபப்படவில்லை. ‘வனதேவி’ என்ற பெயரில் ஒரு வாசகியாகச் சேர்ந்தேன். அந்தப் பெயர் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஏற்றதில்லை என்று தெரியும். ஆனால் கூட்டத்தில் தனியாகத் தெரியக்கூடாதே. முதலில் பிழைகளைத் திருத்தினேன். பிறகு வருணனைகளைப் பாராட்டினேன். ஷைஜா தனிச்செய்தி அனுப்ப ஆரம்பித்தாள். வீட்டில் பேச ஆளில்லை, நீங்கள் கிடைத்தது கர்த்தர் செயல் என்று எழுதினாள். நான் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து பதில் எழுதுவேன். வேடிக்கையாக எதையாவது அனுப்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அப்போதுதான். அந்த மாதங்கள் சந்தோஷமாக இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவள் வனதேவிக்கு நல்ல செய்தி ஒன்று சொன்னாள். ஜாஸ்பர் குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டானாம். பள்ளிக்கூடம் அடைத்ததும் அவளும் பிள்ளையும் சலாலாவுக்குப் போகிறார்கள். மயினியிடம், அதாவது நாத்தனாராகிய என்னிடம், கடைசி வாரத்தில் சொன்னால் போதும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். ‘ஒல்வரா இல்லாத வீடு’ என்று எழுதிப் பக்கத்தில் நட்சத்திரங்கள் போட்டிருந்தாள். நான் வாழ்த்துச் சொன்னேன். பிறகு அடுக்களைக்குப் போய் மீன் கழுவினேன். ஆன்ஸ்லினை இரண்டு வயதிலிருந்து குளிப்பாட்டியது நான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் யாருக்காகச் சமைப்பது என்று யோசித்தபடியே கழுவினேன்.

இந்த நேரத்தில்தான் கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. நிமியல் ஒரு வாளுக்காரனைச் சந்திக்கலாமே என்று வனதேவியாக எழுதினேன். ஷைஜாவுக்கு விருப்பமில்லை. நிமியல் அப்படிப்பட்டவள் இல்லை, தாரென் மீது உயிரையே வைத்திருக்கிறாள் என்றாள். வாசகர்கள் ஏங்குகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். உங்கள் இதயங்களும் எனக்கு உதவின. வாளுக்காரனின் அங்கலட்சணத்தை நானே கொடுத்தேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மாளிகையின் மந்திரப் பளிங்கு மங்கினால் வந்து சரிசெய்வான். ஒல்வரா வழிபாட்டுக்குப் போன நேரம் பார்த்துத்தான் வருவான். ஷைஜா அப்படியே எழுதிக்கொண்டாள். எங்கள் வீட்டு வைஃபையைப் பழுதுபார்க்க வரும் டிஜோ என்ற பையனுக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு. ஷைஜா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் எழுதியிருக்கமாட்டாள்.

அந்த அத்தியாயங்கள் வந்ததும் இணைப்பை எடுத்து ஜாஸ்பருக்கு அனுப்பினேன். ஷைஜா எழுதுகிறாள், நன்றாக இருக்கிறது, நேரம் கிடைத்தால் படி என்று மட்டும் சேர்த்தேன். முழுவதையும் படித்துவிட்டு அவன் கூப்பிட்டான். முந்திரிக்கொத்து விஷயம் உண்மையா என்று கேட்டான். உண்மை என்றேன். சங்கிலிக்காக அவள் மனத்தாங்கலாக இருப்பது உண்மையா? ஆமாம். வைஃபை? அதுவும் ஆமாம். நான் எதையும் மறைக்கவில்லை, என் குற்றங்களை எல்லாம் ஒத்துக்கொண்டேன்.

“அப்பம் அந்த வாளுக்காரன் ஆரு அக்கா?” என்றான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா. நான் கோயிலுக்குப் போற நேரம் வீட்டுல என்ன நடக்குதுன்னு நான் கண்டேனா?”

“நம்ம வைஃபைய நன்னாக்க வாறது ஆரு?”

“டிஜோன்னு ஒரு பய. நல்ல பயதான்.”

“அவனுக்கு நெத்தியில தழும்பு உண்டுமா?”

“நெத்தியில இல்ல மக்கா,” என்றேன். “புருவத்துல.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விசா வேலையை நிறுத்திவிட்டு அவன் ஷைஜாவுக்குச் சொல்லாமல் ஊருக்கு வந்தான். விமான விவரத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேருவான். ஆன்ஸ்லின் வழக்கமாக அம்மாவோடு இரண்டாம் ஆராதனைக்குத்தான் போவாள். அன்று அவளை எழுப்பி, வெள்ளைக் கவுன் போட்டு, என்னோடு முதல் ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் பார்க்க வேண்டாத காட்சிகள் உண்டு. முடிந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. போதகர் மனைவியோடு அசனக் கணக்கைப் பேசிக்கொண்டு, பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, மெல்ல நடத்திக் கூட்டிவந்தேன்.

வீட்டின் பின்பக்கம் துவைக்கிற கல்லின் அருகில் ஷைஜா கிடந்தாள். தலைக்குப் பின்னால் ரத்தம். ஜாஸ்பர் படியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ஸ்லினை அடுத்த வீட்டு குளோரியிடம் விட்டுவிட்டு வந்தேன். “அக்கா, நான் கேக்கத்தான் செய்தேன். அப்படி ஒருத்தனே இல்லன்னு சிரிச்சா” என்றான். போய்க் கையைக் கழுவு என்றேன். ஆம்புலன்ஸ்காரர்களிடம் கல்லில் பாசி, வழுக்கிவிட்டாள் என்று சொன்னேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வாத்தியாரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். கல்லில் பாசி இருந்தது உண்மைதான்.

ஷைஜா சாகவில்லை. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது, பேச்சும் இல்லை. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொஞ்சம் அசைகின்றன. ஜாஸ்பர் சலாலாவுக்கே திரும்பிவிட்டான். பணம் அனுப்புகிறான், பேசுவது குறைவு. ஆன்ஸ்லின் என்னோடு படுக்கிறாள். ஷைஜாவுக்குக் கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்று சபையில் சொல்கிறார்கள். டிஜோ போன மாதம்கூட வந்து வைஃபையைப் பார்த்துவிட்டுப் போனான். தான் ஒரு கதையில் வாளுக்காரனாக இருப்பது அவனுக்குத் தெரியாது.

இப்போது திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். கதை பாதியில் நின்றால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்றுதான் நான் தொடர்ந்தேன். ஷைஜாவின் போன் அவள் கட்டைவிரல் வைத்தால்தான் திறக்கும். அவள் விரலை எடுத்து வைத்துத்தான் திறக்கிறேன், அவள் கண்முன்னால். இதற்குப் பெயரா திருட்டு? வாளுக்காரனை நான் யோசித்தேன் என்பது உண்மை. தழும்பை நான் வைத்தேன். தம்பிக்கு அனுப்பியது நான். அவன் எதற்கு வருகிறான் என்று தெரிந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதும், போலீஸாரிடம் மாற்றிச் சொன்னதும் நான்தான். அவையெல்லாம் என்னுடையவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையைத் திருடவில்லை. ஒல்வராவைத் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். அவள் சாவியைக் கழற்றி வைத்துவிட்டு, படுத்துவிட்ட நிமியலுக்கு இரவும் பகலும் பணிவிடை செய்கிறாள். நடந்ததும் அதுதானே.

எழுதியதை ஷைஜாவிடம் காட்டாமல் வெளியிடுவதும் இல்லை. பயிற்சி கொடுக்க வரும் ஷிபா என்ற பெண், இவளுக்கு மூளை தெளிவாக இருக்கிறது, சின்னச் சின்னத் தீர்மானங்களை எடுக்க விடுங்கள் என்றாள். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுப் போனை விரலுக்கு நேராகப் பிடிப்பேன். பச்சையில் ‘வெளியிடு’, சிவப்பில் ‘நீக்கு’. இதுவரை எல்லாவற்றுக்கும் அவள் விரல் சிவப்புக்குத்தான் போனது. எழுதத் தெரிந்தவர்கள் அடுத்தவர் எழுத்தை லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒருமுறை பிழைதிருத்திவிட்டு நானே பச்சையை அழுத்திவிடுவேன்.

மேலே உள்ள முழுவதையும் இப்போதுதான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடாமல் கேட்டாள். பெயர்களை இப்படியே போடலாமா என்றுகூடக் கேட்டேன். போனை நீட்டியதும் விரல் நடுங்கிக்கொண்டே பச்சையை நோக்கி வந்தது. இந்தச் சில வரிகளைச் சேர்ப்பதற்காகப் போனை அவளுக்கு எட்டாமல் பிடித்திருக்கிறேன். விரல் இன்னும் மடங்கவில்லை, நீண்டபடியே இருக்கிறது. நான் எழுதியதில் அவளுக்குப் பிடித்த முதல் அத்தியாயம் இது.