‘சரி’ன்னு வரும்

தங்கை: ஸ்கிரிப்ட அனுப்பின மறு நிமிஷமே போனா? பல்லு கூட விளக்க விட மாட்டியாண்ணா?

அண்ணன்: படிச்சியா, இல்லையா?

தங்கை: பத்து வரி பைத்தான் புரோகிராம். இதுக்கு ரெண்டு பேரா? ...ஆமா, எந்த ஃபைலுக்கு இந்த செக்சம்?

அண்ணன்: உங்கண்ணி பேசினது. அந்த ஆடியோ.

தங்கை: ...ஓ.

அண்ணன்: அவ போனப்புறம் அவ குரல்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். கெட்டுப்போயிடக் கூடாதுல்ல? செக்சம் ஃபைலோட கைரேகை மாதிரில்ல, உள்ள ஒரு துளி மாறினாலும் மாறிடும். அதான் தெனம் காலைல ஸ்கிரிப்ட ஓட்டி, பழைய செக்சத்தோட ஒப்பிட்டுப் பாப்பேன். ‘சரி’ன்னு வரும். செருப்ப மாட்டிட்டு வேலைக்குக் கிளம்பிடுவேன்.

தங்கை: போட்டுக் கேக்க மாட்டியா?

அண்ணன்: ஒரே ஒரு தடவ போட்டேன். “கேஸ அணைச்சீங்களா, இல்ல நான் வரணுமா?”ன்னா. எழுந்து அடுப்பப் பாக்கப் போயிட்டேன். அதோட சரி... அப்புறம் தைரியம் வரல.

தங்கை: அண்ணி குரல் கேட்டாலே நீ எழுந்து நிப்பியே...

அண்ணன்: சிரிக்காதடி. தப்பு எங்கன்னு சொல்லு.

தங்கை: ஏழாவது வரிண்ணா. நீ ஃபைலத் திறக்கவே இல்ல. ஃபைலோட பேருக்குத்தான் செக்சம் போட்டிருக்க.

அண்ணன்: ம்.

தங்கை: பேரு எங்க மாறப்போகுது? உள்ள என்ன ஆனாலும் ‘சரி’ன்னுதான் வரும்.

அண்ணன்: புது கம்ப்யூட்டருக்கு மாத்தினப்பவும் அப்படித்தான் வந்துச்சு. அத நம்பி, பழச அழிச்சு யாருக்கோ குடுத்துட்டேன்.

தங்கை: அட கடவுளே... பதறாத, பதறாத. அந்த வரிய மாத்தி அனுப்பறேன். ஓட்டு.

அண்ணன்: ...ஓடிருச்சு.

தங்கை: வந்த செக்சத்தப் படி.

அண்ணன்: டி, நாலு, ஒண்ணு, டி, எட்டு...

தங்கை: ...

அண்ணன்: சி, டி, ஒம்போது... லைன்ல இருக்கியா?

தங்கை: இருக்கேன், இருக்கேன். போதும்ணா. அது... நான் அப்பவே ஒரு தடவ செக்சம் எடுத்து வச்சிருந்தேன். அதேதான்.

அண்ணன்: அதேவா?

தங்கை: அச்சு அசல் அதேதான். பத்திரமா இருக்கு. ஆனா இன்னிக்குத் திறக்காத, என்ன? ஞாயித்துக்கிழமை நான் வரேன். சேந்து கேக்கலாம்.

அண்ணன்: நீயும் என் ஸ்கிரிப்ட் மாதிரியே ‘சரி’ங்கற, பாரு. ஒண்ணுமே இல்லாத ஃபைலுக்கு எப்பவும் இந்த செக்சம்தான் வரும்னு எனக்குத் தெரியாதாடி? ஏழாவது வரியையும் விடியக்காலைலயே கண்டுபிடிச்சுட்டேன். வீட்ல ஒரு பேச்சுக் குரல் கேட்டா தேவலைன்னு இருந்துச்சு, அதான் உனக்குப் போட்டேன்... அழாத. வச்சுடாத. கேஸ அணைச்சியான்னாவது கேளு.