ஒரு நிமிஷம் அண்ணனின் கடைசித் தட்டு

தலைவர் அவர்களே, பணிமனையிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, சங்கத்தின் இருபத்து மூன்று உறுப்பினர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் நான். எத்தனையோ மேடைகளுக்கு மைக் கட்டியிருக்கிறேன். மைக்கின் இந்தப் பக்கம் நிற்பது இதுவே முதல் முறை. என் குரல் தடுமாறினால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். அது நல்ல மைக்.

மினிடிஸ்க் பதிவாளர் சங்கத்தின் செயலாளர், பேருந்துப் பணிமனையின் நேரக் காப்பாளர், நம் 'ஒரு நிமிஷம்' அண்ணன் போய்விட்டார்! பத்து நாளாகிறது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது? பணிமனைத் தோழர்களுக்குத் தெரிந்திருக்காது. மினிடிஸ்க் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு தட்டு. சட்டைப்பை மெஷினில் அதை வைத்துப் பாட்டோ பேச்சோ பதிவு செய்யலாம். நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மெஷின் தட்டின் ஓரத்தில் எழுதும். அதற்குள் பேட்டரி போனால் எல்லாம் போச்சு. பாட்டு தட்டில்தான் இருக்கும். ஆனால் பட்டியல் இல்லாததால், 'வெற்றுத் தட்டு' என்று மெஷின் கையை விரித்துவிடும்.

அதனால்தான் எந்த விழா முடிந்தாலும் அண்ணன் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம்! எழுதிக்கிட்டிருக்கு!" என்று கத்துவார். ஓய்வு பெற்ற தலைமை மருத்துவரே ஒரு முறை பரிசுப் பெட்டியைச் சுமந்துகொண்டு மேடையில் அப்படியே நின்றார். பேருந்துகளை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க விடாத மனிதர், கூட்டத்தை மட்டும் ஒரு நிமிடம் நிற்க வைத்தார்!

பள்ளிப் பாட்டுப் போட்டியா? பணி நிறைவு விழாவா? கூப்பிட்டால் போதும், போய் நின்றுவிடுவார். ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் வந்தார். கையில் ஒரே ஒரு தட்டு. "எங்கப்பா பாடினது இதுல இருக்கு சார். போட்டுக் கேக்க மெஷின்தான் இல்ல." அண்ணன் தன் மெஷினையே தூக்கிக் கொடுத்தார். மூன்று மாதம் திரும்பி வரவில்லை. நான் கோபத்தில் குதித்தேன். அவரோ, "அவங்க அப்பா இன்னும் பாடி முடிக்கலப்பா" என்று சிரித்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். போன மாதக் கூட்டத்தில், இந்தச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது யார்? நான்தான். புதிய தட்டுகள் தயாரிப்பது நின்றுவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. "பூட்டிட்டுப் போவோம், மரியாதையா இருக்கும்" என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம் கேட்டார். "எப்பவும் ஒரு நிமிஷம்தானே கேப்பேன், இந்தத் தடவ ஒரு மாசம் குடு" என்றார். அந்த மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாலாம் நாள் அண்ணி என் கடைக்கு வந்தார். கையில் அண்ணனின் மெஷின். சமையலறை அலமாரியில் கிடந்ததாம். "போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் இதுல ஏதோ பேசிக்கிட்டே இருந்தாருப்பா. எனக்கு அதைக் கேக்கணும்." நான் பேட்டரி போட்டுப் பார்த்தேன். வெற்றுத் தட்டு என்றது மெஷின்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தன் வீட்டில் நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்திருக்கிறார்! பேட்டரி தீரும்வரை மெஷின் ஓடியிருக்கிறது. பட்டியல் எழுதப்படவே இல்லை.

வழி ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். வேறொரு தட்டு நிறைய, எழுபத்து நான்கு நிமிடம், வெறும் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பட்டியலை மெஷின் எழுதப்போகும் நேரத்தில், மெஷினுக்குத் தெரியாமல் அண்ணனின் தட்டை உள்ளே மாற்றிவிட வேண்டும். மௌனத்தின் பட்டியல் இந்தத் தட்டில் ஏறும், இதில் எழுபத்து நான்கு நிமிடம் இருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். கை தவறினால் உள்ளே இருப்பதும் அழியலாம். இதை அண்ணியிடம் சொன்னேன். "போனா போகட்டும்பா. இப்ப மட்டும் கேக்குதா என்ன?" என்றார்.

கடையில் ஏழு பேர் கூடினோம். மைக்கைச் செருகவே இல்லை, தாராளமாகப் பேசியிருக்கலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, செயற்கைப் பல் கட்டும் வேலை செய்கிற நம் பெண் உறுப்பினர், கொஞ்சமும் நடுங்காத கையால் தட்டை மாற்றினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கேட்டது, தோழர்களே! அவர் குரல் கேட்டது!

என் தீர்மானத்துக்குப் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் குரல் இடையில் வருகிறது: "யாருகிட்ட பேசுறீங்க?" இவர் சொல்கிறார்: "அந்த முசுடுகிட்டதான். நல்லவன்தான் அவன். ஆனா பட்டனை அழுத்தின உடனே தட்டை உருவுறவன்."

அந்த முசுடு நான்தான். அழுதுகொண்டே சிரித்தேன்.

மினிடிஸ்க் சாகாது, வாழ்க என்று முழங்கியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. "அவன் சொல்றது சரிதான்" என்றுதான் ஆரம்பிக்கிறார். புதுத் தட்டு வராது, ஆனால் இருப்பதையே அழித்து அழித்து எழுதலாம். அதைவிட முக்கியம், எத்தனையோ வீட்டு மேசை இழுப்பறைகளில், திறக்க வழியில்லாமல் குரல்கள் கிடக்கின்றன. "சங்கம் தட்டைக் காப்பாத்த வேணாம். உள்ள இருக்கிறவங்களை வெளிய கொண்டு வந்தாப் போதும். சனிக்கிழமை காலையில கதவைத் திறந்து வைப்போம். வர்றவங்க குரலை அவங்க போன்லயே ஏத்திக் கொடுப்போம்."

அப்போது அண்ணி சாப்பிடக் கூப்பிடுகிறார். இவர் மெஷினை நிறுத்தாமலே எழுந்து போய்விடுகிறார். மீதி ஐம்பது நிமிடம் என்ன தெரியுமா? தட்டு வைக்கும் சத்தம். நாற்காலி இழுக்கும் சத்தம். "உப்பு கம்மி." "நாக்கு நீளம்." இருவரும் சிரிக்கும் சிரிப்பு. அவர் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்த ஐம்பது நிமிடம் அண்ணிக்குக் கிடைத்திருக்குமா? அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் அண்ணி. என் தீர்மானம், அண்ணனின் பதில், எதையும் அவர் கேட்பதில்லை!

என் தீர்மானத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். நம்மிடம் ஓடுகிற மெஷின்கள் பதினொன்று. எத்தனை நாள் ஓடும்? எனக்குத் தெரியாது. ஓடும்வரை, சனிக்கிழமைதோறும் என் கடைக் கதவு திறந்திருக்கும். இது செயலாளருக்கு நான் கொடுக்கும் வாக்கு. போன சனிக்கிழமையே ஒன்பது பேர் வந்தார்கள். முதல் ஆளாக வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் அந்தச் செவிலியர்.

என் பேச்சு முடிந்தது. இதோ, இதையெல்லாம் பதிவு செய்தபடி என் முன்னால் ஓடிக்கொண்டிருப்பது அண்ணனின் மெஷின். இப்போது நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறேன். தட்டை உருவ மாட்டேன், அண்ணே. அவருக்காக எல்லோரும் எழுந்து அமைதியாக நில்லுங்கள்.

ஒரு நிமிஷம். எழுதிக்கிட்டிருக்கு.