வேலிக் கம்பி போட்ட பியூஸ்

மலாயாவில் ராசா ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சோதனைக்காக வரிசையில் நின்றோம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்ற அவசரகாலமாதலால் வீடு திரும்புகிறவனையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். என் தொந்தி அரிசி மூட்டை அல்ல என்று உறுதிசெய்ய எப்போதுமே சற்று நேரம் பிடிக்கும்.

எனக்கு முன்னால் நின்ற குடைக்காரர் தம் மைத்துனரிடம் பெருமையாகச் சொன்னார்:

"நம்ம வீட்டு பியூஸ் இனிமே ஜென்மத்துக்கும் போகாது லா."

"எப்படி மாமா?"

"ஒங்க அக்கா இஸ்திரிப் பெட்டியப் போட்டாலே பியூஸ் போயிடுது. அந்த மெல்லிசுக் கம்பியத் தூக்கிப் போட்டுட்டு, தோட்டத்தச் சுத்திப் போட்டிருக்கிற முள்வேலியில ஒரு துண்டு நறுக்கிச் சொருவிட்டேன்."

"ஐயோ மாமா! கரண்டு அளவுக்கு மேல போனா, மெல்லிசுக் கம்பி முதல்ல உருகி நிறுத்திடும். அதுக்குத்தான் அத வச்சிருக்கு. இப்ப அது உருகாது, செவுத்துல ஓடுற ஒயருதான் சூடாகிப் பத்திக்கும். நம்மது பலகை வீடு!"

"ஆறு மணிக்குக் கரண்டு எஞ்சின் போட்டுருவானே! ஒங்க அக்கா கோயிலுக்குப் புடவை தேய்க்க ரெடியா ஒக்காந்திருப்பாளே!"

குடைக்காரர் வரிசையை விட்டு ஓடினார். அவருடைய லயத்து வரிசை வீடுகளிலேயே குடியிருக்கும் காவலர் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"எங்கண்ணே ஓட்டம்?"

காட்டுக்காரர்கள் நுழையாமலிருக்கப் போட்ட வேலியை நறுக்கியவனுக்கு ஜெயில் நிச்சயம். குடைக்காரர் வேலியைத் திரும்பிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

காவலரின் முகம் வெளுத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரம் ஓடுங்கண்ணே. போற வழியில எங்க வீட்டு மெயின் சுவிட்சையும் அணைச்சிருங்க. அங்கயும் அதே கம்பிதான்."