பெரில் வீட்டு வாசற்படி

இந்த அறையின் ஜன்னலை யார் துடைக்கிறாரோ தெரியவில்லை மேடம், மூலைகளையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பத்தொன்பது வருடமாக ஹேலிஃபாக்ஸில் இதே தொழில்தான் எனக்கு, கண் தானாக அங்கேதான் போகிறது. பெயர் ரோலண்ட் தாக்ரே. சொந்த வேன், சொந்த ஏணி. முதலாளியும் நானே, வேலையாளும் நானே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பொதுப் பொறுப்புக் காப்பீடு. என் வாளி யார் தலையிலாவது விழுந்தாலோ, என் குழாய் தடுக்கி யாருக்காவது கால் முறிந்தாலோ, நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாக எடுத்தேன். சான்றிதழை வேன் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவராவது நின்று படித்திருப்பாரா என்றால், கிடையாது.

போன வசந்தத்தில் ஜாரெட் பிம் வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது, சிரித்த முகம், வீட்டுக்கு இரண்டு பவுண்டு குறைவு, காப்பீடு மட்டும் இல்லை. லார்ச் தெருவில் பதினோரு வீடுகள் அவன் பக்கம் சாய்ந்தன. முதலில் சாய்ந்தவர் பெரில் ஆஷ்வொர்த். எழுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். துடைத்து முடித்தால் எனக்கு இஞ்சி பிஸ்கட் தருவார்.

"அவன்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"ஜன்னல் துடைக்க எதுக்கு ரோலண்ட் கண்ணு இன்சூரன்ஸ்? அழுக்கு எழுந்து வந்து கேஸ் போடுமா?" என்று சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, ஒளிப்பானேன்.

உறைபனிக் காலத்தில் ஜன்னல் துடைப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. துடைத்த தண்ணீர் வாசற்படியில் வழிந்து கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். உப்பு பட்டால் உறையாது, அதனால் ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தூவிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவோம். ஜனவரி ஒன்பதாம் தேதி பெரில் வீட்டுப் படியில் ஜாரெட்டும் தூவினான். தாராளமாகவே தூவினான், நல்ல பையன். அவன் தெருமுனை திரும்பியதும் நான் துடைப்பத்தோடு போய்ப் பெருக்கினேன். ஐந்து நிமிட வேலை. வாசல் பெருக்குவது எந்த ஊரிலும் குற்றமில்லை.

பெரிலுக்கு மணிக்கட்டு முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பறவைகளுக்குத் தீனி வைக்க வந்து வழுக்கி விழுந்தவரின் பின்மண்டை படியில் பட்டுவிட்டது, மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே கொடுத்த சாண்ட்விச் நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரிலின் மகள் ஜாரெட்மேல் வழக்குப் போட்டாள். அவன் வேனை விற்றான். மீதிப் பத்து வீட்டாரும் என் சான்றிதழை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்கள். மனசு குளிர்ந்துவிட்டது மேடம்.

ஒருநாள் ஜாரெட் என் வீட்டுக்கு வந்தான். மனைவிக்கு எட்டாம் மாதம் என்றான். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"உப்பு போட்டேன்ணே. போட்டேன்னுதான் நெனைக்கிறேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் அந்தம்மாவைக் கொன்னுட்டேனா?"

"மறந்திருப்ப தம்பி. அந்தக் குளிர்ல யாருக்குத்தான் மறக்காது," என்றேன்.

அழுதான். முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எதிர்வீட்டு அழைப்புமணியில் கேமரா இருந்தது எனக்குத் தெரியாது. போலீஸ் நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்கள், அதில் இருக்கும் நீலத் தொப்பிக்காரன் நான்தான். அது போகட்டும், ஜாரெட்டை விட்டுவிடுங்கள். நஷ்டஈட்டை என் இன்சூரன்ஸ் கம்பெனியே பெரிலின் மகளுக்குக் கொடுக்கட்டும், இதுவரை நான் ஒரு கிளெய்ம்கூடக் கேட்டதில்லை.

வேண்டுமென்றே செய்ததற்குத் தரமாட்டார்கள் என்கிறீர்கள். சரி, உப்பைப் பெருக்கினேன். மேலே ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினேன். அவர் கதவைத் திறக்கும்வரை வேனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தேன். இதெல்லாம் வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் அவர் வேண்டுமென்றா விழுந்தார்? அதை விபத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.